யாரும் விழாத வார்டு

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது வார்டில் தொண்ணூற்றெட்டு நாட்களாக யாரும் கீழே விழவில்லை. எப்படி விழுவார்கள்? யாரையும் எழுந்து நிற்கவே விடவில்லையே. தலைமை நர்ஸ் சுவரில் ஒரு பலகை மாட்டி, தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதுவார். நூறு நாள் ஆனால் இயக்குநரே வந்து கேடயம் கொடுப்பதாகப் பேச்சு. கேடயம் வைக்க அலமாரியில் மருந்துப் பெட்டிகளை ஒதுக்கி இடம்கூடச் செய்தாகிவிட்டது.

ஏழாம் கட்டில்காரர் கூரைக்கு ஓடு போடுகிறவர். முப்பத்தைந்து வருஷம் மாடி வீடுகளின் உச்சியில் சர்வசாதாரணமாக நடந்துவிட்டு, சொந்த வீட்டுக் குளியலறையில் சோப்பை மிதித்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். ஆனால் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டாலே போதும், நாலு பக்கமும் "பாத்து! பாத்து!" என்று கூச்சல். இயற்கை உபாதைக்கும் படுக்கையிலேயே பாத்திரம். மனுஷன் கூனிக் குறுகிப்போனார். கடைசியில் தரையைப் பார்த்தாலே அவருக்குக் குலை நடுங்கியது.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டிலிலிருந்து கழிவறைவரை பத்து அடி தானாக நடந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதியோர் இல்லம்தான். மகன் அங்கே சொல்லிவைத்துவிட்டான். மனைவிக்கோ இரண்டு முழங்காலும் போய்விட்டன, அவரைத் தாங்கிப் பிடிக்கத் தெம்பில்லை.

"நீங்க நடந்தா மட்டும் போதுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பிசியோதெரபிப் பெண் வந்து அவரை நிற்கவைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதத்தையே பார்த்தபடி, வலது காலா இடது காலா என்று யோசித்து யோசித்துத் தள்ளாடினார்.

"கால் நல்லாத்தான் இருக்குங்கய்யா. பயத்துல விறைச்சுக்கறீங்க, அதான் சாயறீங்க. கூரை மேல காலைப் பாத்தா நடந்தீங்க?"

"அங்க கீழ நின்னு யாரும் கத்தலையேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, திரையை இழுத்துவிட்டு, கட்டிலைப் பிடித்தபடி மெதுவாகத் தரைக்கு இறங்கவும், திரும்ப எழுந்திருக்கவும் சொல்லிக்கொடுத்தாள். விழுந்தால் எழுந்துவிடலாம் என்று தெரிந்தவனுக்குப் பாதி பயம் போய்விடுமாம். மூன்றாவது தடவை இறங்கும்போது தலைமை நர்ஸ் திரையை விலக்கினார்.

"தரையிலயா? நாளைக்கு நூறாவது நாள், இன்னிக்கு இவரைத் தரையில உக்கார வெச்சிருக்கியா?"

பயிற்சி அத்தோடு முடிந்தது.

மறுநாள் இயக்குநர் கேடயத்தோடு வந்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவேதான் கூரைக்காரருக்குப் பரீட்சை. கோழி பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஆறு பேர் கையை விரித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். மனைவி சுவரோரம் பையைக் கட்டிப்பிடித்து நின்றாள். முதல் மூன்று அடி ஒழுங்காகத்தான் போயிற்று.

"பாத்து!" என்று தலைமை நர்ஸ் அலறினார்.

அவ்வளவுதான். மூச்சு அடைத்தது, கால் கட்டையானது, உடம்பு ஒருபக்கம் சாய்ந்தது. கைக்கு அகப்பட்ட கட்டில் கம்பியைப் பிடித்து, முட்டியை மடக்கி, நேற்றுக் கற்றதைப்போலவே தரையில் போய் உட்கார்ந்துவிட்டார். வார்டே பலகையைத் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் தரையைத் தடவிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது, வேறொன்றும் இல்லை. இத்தனை நாள் இதற்கா செத்துப் பிழைத்தோம் என்று சிரிப்பு வந்தது. கம்பியைப் பிடித்துத் தானாகவே எழுந்தார்.

அதை யார் பார்த்தார்கள்? அத்தனை பேரும் பலகைக்குக் கீழே கூடிவிட்டார்கள்.

"அவர் விழலை சார், உக்காந்தார்!" என்றார் தலைமை நர்ஸ்.

"சொல்லாம உக்காந்தா விழுந்த மாதிரிதாம்மா" என்றார் இயக்குநர், கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி.

தாறுமாறாக வாக்குவாதம் நடக்கிற நேரத்தில் கூரைக்காரர் நான்கு, ஐந்து, ஆறு என்று நடந்து, பத்தாவது அடியில் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். ராஜா மாதிரி இருந்தது.

கேடயம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. "இந்த ஆள் இனிமே ஒரு நிமிஷம்கூட என் வார்டுல இருக்கக் கூடாது" என்று தலைமை நர்ஸ் படிவத்தை இழுத்தார். பத்து அடி நடந்தாரா என்ற கேள்விக்கு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ஆம்' என்று எழுதினார். டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவந்து கழிவறைக் கதவைப் படபடவென்று தட்டினார்.

"கையெழுத்து ஆயிடுச்சு, வீட்டுக்குக் கிளம்புங்க! சீக்கிரம்!"

"வரேன் சிஸ்டர்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்படிப் பதறாதீங்க. எங்கயாவது விழுந்துவெக்கப் போறீங்க."