கரண்ட் இல்லேன்னு மாமா சொன்னார்

சந்தைத் தெருவில் மின்கம்பத்தடியில் நின்ற லைன்மேனுக்கு அன்று இரண்டு அனுமதிகள் வர வேண்டியிருந்தன. ஒன்று, கம்பத்தில் ஏற. இன்னொன்று, கல்யாணம் செய்துகொள்ள. இரண்டையும் கொடுக்க வேண்டியவர் ஒரே ஆள், சப்-ஸ்டேஷன் ஆபரேட்டர். அவருடைய மகளைப் போன வாரம்தான் பெண் கேட்டிருந்தான். சாயங்காலம் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். பதில் வருமுன்பே இவன் 'மாமா' போட ஆரம்பித்துவிட்டான்.

போன் வந்தது. "சந்தை லைனை ஆஃப் பண்ணியாச்சு. ஏறு."

"சரிங்க மாமா. ஒரு தடவ டெஸ்ட் பண்ணிட்டு ஏறிடறேன்."

"நான்தான் சொல்றேனே."

சர்வீஸில் ஒரு தப்புகூடச் செய்யாதவர். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஏணியைப் பிடித்திருந்த கூட்டாளி கிசுகிசுத்தான். "டேய், மாமனார் பேச்சுக்கே டெஸ்டர் வைக்கிறியா? பொண்ணு கிடைச்ச மாதிரிதான்."

லைன்மேன் யோசித்தான். டெஸ்ட் செய்தால் பெண் போகலாம். செய்யாமல் ஏறினால் மாப்பிள்ளையே போகலாம். மனசே இல்லாமல் ரப்பர் கையுறையை மாட்டினான். நீளக் கம்பின் நுனியிலிருந்த டெஸ்டரை எதிர்ப்பக்கம் கரண்ட் ஓடும் லைனிடம் நீட்டினான். கத்தியது. டெஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறது. பிறகு சந்தை லைனிடம் நீட்டினான். அதே சுருதியில் கத்தியது.

"சார்," என்றான். மாமா தானாகவே சாராகிவிட்டார். "லைன்ல கரண்ட் இருக்கு."

"உன் டெஸ்டர் பழசு."

அந்த நேரம் பார்த்து, போனுக்குள் பக்கத்து அறையிலிருந்து என்ஜினீயரின் குரல் வந்தது. "யாருய்யா என் ஆபீஸ் லைனை ஆஃப் பண்ணது? ஃபேன் நின்னு போச்சு."

நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். ஏதோ டொக்கென்று விழுந்தது. பிறகு, "இப்ப பாரு," என்று இளைத்த குரல்.

இம்முறை டெஸ்டர் வாயைத் திறக்கவில்லை. எர்த் கம்பியை மாட்டிவிட்டு ஏறி, கருகிய இணைப்பை மாற்றி இறங்கினான். கருகிப்போன சம்பந்தத்தை மாற்றத்தான் வழி தெரியவில்லை.

சாயங்காலம் சப்-ஸ்டேஷன் வாசலில் ஆபரேட்டர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னை நம்பல, இல்ல?"

"லைனைத்தான் சார் நம்பல."

அவர் பெருமூச்சு விட்டார். "வீட்டுல பொண்டாட்டியும் நம்பறதில்ல, பொண்ணும் நம்பறதில்ல. இப்ப நீயும் சேர்ந்துட்ட. எங்க குடும்பத்துக்கு ஏத்த ஆளுதான்."

"நிஜமாவா மாமா?"

"பாத்தியா, இதையும் நம்பல."

லைன்மேன் கொஞ்சம் தள்ளிப் போய், பெண்ணுக்குப் போன் போட்டுச் சரிபார்த்துக்கொண்டான்.