முன்சீட்டுத் திண்டு

நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவை யார், எதில் அழைத்துப் போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

மூத்த மகனான பெரியவர் வண்டிகளுக்கு சீட் தைப்பவர். சேதி வந்த அன்றே தன் பழைய காரின் முன்சீட்டைக் கழற்றி, அம்மாவின் முட்டிவலிக்குத் தோதாகத் திண்டு ஒன்று வைத்துத் தைத்துவிட்டார். தம்பியோ விமான டிக்கெட்டோடு வந்து நின்றான்.

“ரெண்டு மணி நேரம்தான் அண்ணே. கண்ணை மூடித் திறந்தா போயிடலாம்.”

“அதுக்கு முன்னாடி வரிசையில நிக்கிற நேரத்தை உங்க தாத்தாவா கணக்குல சேர்ப்பாரு?”

“அவரு உங்களுக்கும் தாத்தாதாங்க” என்றாள் பெரியவரின் மனைவி. “பேசாம ரயில்ல போங்க. அத்தை காலை நீட்டிப் படுத்துக்கலாம்.”

“இப்போ கேட்டா மேல் படுக்கைதான் கிடைக்கும் அண்ணி. அம்மாவைத் தூக்கியா போடுவீங்க?”

“என் வண்டின்னா நினைச்ச இடத்துல நிறுத்தலாம்” என்றார் பெரியவர்.

“நீ நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தை எழுந்து நடந்துடும்!”

அம்மா சிரித்துவிட்டாள். “சின்னவன்கூடவே போயிடறேன்டா. பிள்ளையைச் சீக்கிரம் பார்க்கணும்.”

அன்றிலிருந்து பெரியவருக்கு வேலை ஓடவில்லை. கடைக்கு மேலே விமானச் சத்தம் கேட்டாலே வயிறு பற்றி எரிந்தது. விமானம் கிளம்பாமல் போகட்டும் என்று கடவுளிடம் கேட்கப் போய், கேட்பதன் அசிங்கம் உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி கடைக்கு வந்தான். ரெக்சின் துண்டுகளுக்கு நடுவே தயங்கி நின்றான்.

“அண்ணே, பிளைட் சீட்டுல அம்மாவுக்குக் கால் மரத்துப்போகும். சின்னதா ஒரு திண்டு தச்சுத் தர்றியா?”

“ஏன், பிளைட்காரன் தரமாட்டானா?”

தம்பி கோபப்படவில்லை. “அம்மா உன் வண்டியில ஏறினதும் தூங்கிடுவாங்க. என்கூட வந்தா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சே இருப்பாங்க. ஒரு தடவையாவது என் பக்கத்துல நிம்மதியாத் தூங்கட்டும்னு பார்த்தேன்.”

பெரியவரின் ஊசி பாதியில் நின்றது. இந்த எரிச்சல் தனக்கு மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தார்! எழுந்து காருக்குப் போனார். முன்சீட்டுத் திண்டைப் பிரித்தெடுத்தார். அதையே சிறிதாக வெட்டி, ஓரம் உறுத்தாமல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் விமான நிலையத்துக்கு அவரேதான் வண்டி ஓட்டினார். அம்மா வழக்கம்போல முன்கதவைத் திறக்கப் போனாள்.

“பின்னாடி உட்காரும்மா, அவன்கூட” என்றார். பின்கதவை அவரே திறந்துவிட்டார்.

தெருமுனை தாண்டுவதற்குள் அம்மா தூங்கிவிட்டாள். அவள் தலை தம்பியின் தோளில் சாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தார். மூக்கின்மேல் உட்கார்ந்த ஈயைக்கூட ஓட்டாமல், மூச்சை அடக்கிக்கொண்டு சிலைபோல இருந்தான் தம்பி.

பெரியவருக்கு எரிச்சல் முழுக்கப் போய்விடவில்லை. மனசு அப்படி ஒரே நாளில் வெளுத்துவிடுமா என்ன? ஆனாலும் பள்ளம் வந்த இடத்திலெல்லாம், அம்மா விழித்துவிடாதபடி, வண்டியை மெதுவாக இறக்கி ஏற்றினார்.