சனிக்கிழமை அரிசி

பாக்கியசீலன் வாத்தியாருக்கு அறுபது தாண்டிய பிறகு புதிதாக ஒரு வேலை வந்து சேர்ந்தது. அதுவும் பெண்கள் பார்க்கிற வேலை.

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவத் தெருக்களில் உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமைதோறும் ஒருத்தி வீடு வீடாகப் போய் அதை வாங்கி, திக்கற்ற பிள்ளைகளின் விடுதியில் சேர்ப்பாள். வாத்தியார் இருந்த தெருவுக்கு வெகுகாலமாக அந்த ஒருத்தி அவர் மனைவி கெசியாதான். பங்குனியில் அவள் காய்ச்சலில் போனபின், "இனி நான் வாங்கி வாரேன்" என்று வாத்தியாரே குருவானவரிடம் போய்க் கேட்டார்.

புண்ணியம் சேர்க்கிற ஆசை ஒன்றுமில்லை. மகன் கொழும்பில். வீட்டில் பல்லிதான் துணை. அதைவிட ஒரு கேள்வி அவரை அரித்தது. கெசியா மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். "நாலு வீட்டு அரிசி வாங்க ஏன் இவ்வளவு நேரம்?" என்று வாராவாரம் சிடுசிடுப்பார். அவள் பதில் பேசாமல் விளக்கேற்றப் போய்விடுவாள்.

முதல் சனிக்கிழமை வாசல் வாசலாக நின்று, வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல் குரல் கொடுத்தார். பெண்கள் மிரண்டுபோய் அரிசியைக் கொட்டினார்கள். வெயில் தாழுமுன்பே தெரு முடிந்துவிட்டது. அப்படியானால் மீதிப் பொழுதெல்லாம் அவள் எங்கே போனாள்? காலமெல்லாம் கூட வாழ்ந்தவளைப் பற்றி இதுகூடத் தெரியவில்லையே என்று வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது.

விடுதிச் சமையற்காரி பையைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "பச்சரிசியும் புழுங்கலும் ஒண்ணா கெடக்கே! ஒண்ணு கொழஞ்சுபோவும், ஒண்ணு வேகாது. அம்மா ரெண்டு பையிலல்லா கொண்டாருவாவ?"

வீட்டுக் கொடியில் இரண்டு பைகள் தொங்கத்தான் செய்தன. ஒன்று போதும் என்று எடுத்து வந்தவர் வாத்தியார்தான். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன மனுஷர், அசடு வழியப் பையோடு திரும்பி நடந்தார்.

தெருக்கோடி வீட்டு விதவை சாரம்மாள் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "இங்கன கொண்டாங்கய்யா, பொறுக்கிருவோம்" என்று முற்றத்தில் இரண்டு சுளகுகளை எடுத்துப் போட்டாள். மங்கலான புழுங்கல் ஒன்றில், வெள்ளைப் பச்சரிசி மற்றதில். வாத்தியார் ஒவ்வொரு மணியாகக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "அவசரமில்ல, பையப் பையப் பொறுக்குங்க, பழகிரும்" என்றாள்.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "சாரம்மா, சனிக்கிழம இருட்டுத வரைக்கும் அவ எங்க இருப்பா?"

"இங்கனதான். இப்ப நீங்க இருக்க இடத்துல."

"என்ன செய்வா?"

"பேசுவாவ. அம்மா வாயத் தொறந்தா எங்களுக்கெல்லாம் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சிரும்."

அவர் நம்பவில்லை. "வீட்ல பேசவே மாட்டாளே."

"ஐயா பள்ளிக்கூடத்துல நாளெல்லாம் பேசி அலுத்து வாராவ, வீட்ல சத்தங் காட்டப்படாதும்பாவ அம்மா. வாரம் பூரா சேத்துவச்சத இங்கன வந்து கொட்டுவாவ. உங்கள ஒரு சொல் கொற சொன்னதில்லய்யா."

பள்ளிக்கூடத்தை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அலுப்பு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அவள் குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வாத்தியாருக்கு.

"கடைசில என்ன பேசுனாவ அம்மா?" என்று சாரம்மாள் ஆசையாகக் கேட்டாள்.

அந்தக் கடைசிக் காய்ச்சலில் கெசியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாம படு" என்று அவர்தான் போர்வையை இழுத்துவிட்டார். அவள் நல்லதுக்காகத்தான் சொன்னார். அவளும் எப்போதும்போலச் சொன்னபடி கேட்டாள்.

அதை அவர் சாரம்மாளிடம் சொன்னார். தட்டுத்தடுமாறி, முழுவதும் சொன்னார். அவள் அவர் பங்கு அரிசியிலும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

பிரித்த அரிசியை விடுதியில் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு வைத்தாகிவிட்டது. கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, அதட்டலுக்குக் காத்திருப்பவர்போல வாசற்படியிலேயே நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று சிடுசிடுக்கக்கூட உள்ளே ஆள் இல்லை.