சமையலறைத் தராசில் டயர்

என் வீட்டுக்காரர் சைக்கிளில் ஏறிப் பல வருஷம் ஆகிறது. முழங்கால் ஒத்துழைக்காது. ஆனால் சைக்கிள் டயரைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் அன்றைய பொழுது அம்பேல். எத்தனை இழை, எத்தனை கிராம், உருளும்போது எவ்வளவு தடை என்று ஓட்டாத மனிதர் ஒப்பிப்பார். ஓட்டுகிற மகள் தலையாட்டிக்கொண்டு நிற்பாள்.

மகளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை. மெழுகில் பல் செதுக்குவாள். வலது மணிக்கட்டுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. யாரோ ஓட்டிச் சலித்து விற்ற ஒரு ரோட் பைக் சைக்கிளை வாங்கி வைத்திருந்தாள். வளைந்த கைப்பிடி, ஒல்லி டயர். பின் டயர் நடுவில் வழுக்கையாகி உள்ளே நூல் எட்டிப் பார்த்தது. லேபுக்குப் போகும் வழியில் தண்ணீர்த் தொட்டி இறக்கம் இருக்கிறது, அதன் அடியில் ஒரு மோசமான வளைவு. மழைக்காலம் வேறு.

"அப்பா, விலை கம்மியா, வழுக்காத டயரா இருந்தா போதும்" என்றாள்.

போதும் என்ற சொல் அவர் அகராதியில் கிடையாது. அன்றிலிருந்து எங்கள் வீடு ஆராய்ச்சிக்கூடம் ஆகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் டயர், படுக்கையில் டயர், பல் தேய்க்கும்போதும் போனில் எவனோ ஒருவன் டயரைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருப்பான். விலை குறைவான டயரில் எது சிறந்தது என்று ஒன்றைக் கண்டுபிடிப்பார். மறுநாள் அதைவிடச் சிறந்தது ஒன்று முளைக்கும். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார், அதையும் வாங்கவில்லை. தள்ளுபடி வருமாம். மழைக்கு அந்தத் தகவல் எட்டவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்குப் பெய்தது.

நான் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவள். நாளெல்லாம் சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த அளவைப் படமெடுத்துக்கொண்டு போய், தெரு முனையில் இருந்த சைக்கிள் கடையில் சாதாரண டயர் ஒரு ஜோடி வாங்கி வந்து அவர் முன்னால் போட்டேன்.

"இந்தாங்க. ஆராய்ச்சி முடிஞ்சுது. மாட்டுங்க."

அவர் மாட்டவில்லை. சமையலறைத் தராசை எடுத்து வந்து டயரை அதன்மேல் வைத்தார். நான் மாவு நிறுக்கும் தராசு!

"கல்லு மாதிரி கனக்குது. பாவம், குழந்தை மிதிக்க வேண்டாமா?"

"குழந்தைக்குக் கனம் பிரச்சினை இல்லைங்க. நீங்கதான் பிரச்சினை."

அதோடு விட்டேனா? அவர் எதிரிலேயே நாத்தனாருக்குப் போன் போட்டேன். "உங்க அண்ணன் டயரை நிறுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. குழம்பு வைக்கப் போறாரு போல" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் டயரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சாயங்காலம் பைக் கழுவித் துடைத்து நடையில் நின்றது. டயர் கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. ஒருவழியாக மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நான் புகார் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவில் மகள் விழுந்துவிட்டாளாம். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

அவளைத் தூக்கி வந்த புண்ணியவான் பைக்கையும் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் சாய்த்து வைத்திருந்தார். பார்த்தேன். முன் சக்கரத்தில் அதே வழுக்கை, அதே நூல். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பின்னாடி இருந்த டயர் முன்னாடி எப்படி வந்துச்சு?"

"மாத்திப் போட்டேன். காருக்கெல்லாம் அப்படித்தான் செய்வாங்க. தேய்மானம் சமமாயிடும். தள்ளுபடி வர்ற வரைக்கும் தாங்கும்னு…"

"நான் வாங்கிட்டு வந்தது?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

பின் டயர் வழுக்கினால் வண்டி ஆடும், சமாளித்துவிடலாம். முன் டயர் வழுக்கினால் ஆளே கீழே. இது எனக்கே தெரியும். இத்தனை நாள் படித்துக் கிழித்தவர், தேய்ந்ததை எடுத்து முன்னால் போட்டிருக்கிறார்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். வாட்ச்மேன் எழுந்து வந்து மெதுவாகப் பேசச் சொன்னார். அவரையும் சேர்த்து ஒரு பிடி பிடித்துவிட்டு உள்ளே போனேன்.

மகள் கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"அப்பாவைத் திட்டிட்டியா?"

"பின்ன, கொஞ்சுவாங்களா? உனக்குத் தெரியாம டயரை மாத்தி வெச்சிருக்காரு."

"தெரியும்மா. காலையில வண்டியை எடுக்கறப்பவே பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாத்துட்டுமா ஏறினே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ விடுவியா? அத்தைக்குப் போன் பண்ணுவே, அவங்க சிரிப்பாங்க, அப்புறம் அப்பா தட்டுல இருந்து தலையைத் தூக்கவே மாட்டாரு. என்னால அதைப் பாக்க முடியாதும்மா. மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போர்வையைச் சரி செய்துவிட்டு வெளியே வந்தேன். கோபம் தீரவில்லை. அவர் செய்தது அடிமுட்டாள்தனம்தான், யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் நெஞ்சு வலித்தது. அது அவர் செய்ததால் மட்டும் இல்லை.

தாழ்வாரத்தில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டார்.