கோதுமை மூட்டையின் வாய்

1
இப்போதெல்லாம் ஒருத்தரும் செடியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. போனில் படம் எடுக்கிறார்கள். நோய் என்று போன் சொன்னால் நோய். என் மகளும் அந்த ரகம்தான். நேற்று என் வரப்பில் அவளோடு சண்டை. வாயால் ஜெயிக்க முடியவில்லை, அதனால் கதையாக எழுதுகிறேன். இதில் ஜெயிப்பேன். பேனா என் கையில்.

2
முதல் வரி: "பொன்னிற மாலையில் ஒரு சிறு பூச்சி..."

(அடித்துவிட்டேன். பூச்சிக்கு எதற்குப் பொன்?)

வேறு வரி: "பக்கத்து வயலில் உருளைக்கிழங்கு போட்ட மகள், ஒரு கிழங்கைக் கொண்டுவந்து என் முன்னால் வளைத்தாள்."

இது இருக்கட்டும், நடந்தது. கிழங்கு உடையவில்லை. ரப்பர் மாதிரி வளைந்தது.

3
"உங்க பீட்ரூட்டுல இருந்த கிருமிதாம்பா*. சாறு குடிக்க வந்த தத்துப்பூச்சி இங்க கொண்டாந்து விட்டிருச்சு."

"பீட்ரூட் நோய்க்கு உருளைக்கிழங்குல என்ன வேலை? சம்பந்தம் பேச வந்துச்சா?"

"சிரிக்காதீங்க. பீட்ரூட் எடுத்த கையோட கோதுமை விதைக்கிறீங்க. அந்தக் கோதுமை வேரை உறிஞ்சித்தான் மண்ணுக்குள்ள இருக்கிற பூச்சிக் குஞ்சுங்க குளிரைத் தாண்டுதுங்க. இந்த ஒரு குளிருக்கு மண்ணைச் சும்மா போடுங்கப்பா. அடுத்த வருஷமும் கிழங்கு இப்படிப் போச்சுன்னா, நான் நிலத்தை விட்டுட்டு வேற பொழப்பு பார்க்கணும்."

மண்ணைச் சும்மா போடுவதா? எங்கள் பரம்பரையில்...

(வேண்டாம். பரம்பரையை இழுத்தால் கதை நீளும்.)

என் ஆயுசில் மண்ணை அம்மணமாக விட்டதில்லை. அவ்வளவுதான்.

* கிருமி: மகள் சொன்ன சொல். என் பொறுப்பில்லை.

4
கதையில் ஒரு தொல்லை. பூச்சியைப் பார்த்திருக்கிறேன், கிருமியைப் பார்த்ததில்லை. முகம் காட்டாத ஆளை வைத்து எப்படிக் கதை எழுதுவது? தூக்கி வெளியே போட்டேன். போட்டால் கிழங்கு ஏன் வளைந்தது என்று கதை கேட்கிறது. சரி, கிழங்கையும் அடித்தேன். அப்புறம் பார்த்தால், வரப்பில் மகளே இல்லை.

கிழங்கைத் திரும்ப எழுதிவிட்டேன்.

5
ஒரு முடிவு: விதைத்தேன். கோதுமை பச்சைப் பசேலென்று நின்றது. பக்கத்து வயலில் மகள்...

(இந்த வாக்கியம் இதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது.)

இன்னொரு முடிவு: விதைக்கவில்லை. மகள் சொன்னதே சரி என்று ஒத்துக்கொண்டு...

(இதைச் செத்தாலும் எழுத மாட்டேன்.)

விதை மூட்டை கொட்டகையில் கிடக்கிறது, வாய் தைத்தபடி. கத்தியை அதன்மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எல்லாம் தெரிந்தவர் யாராவது இருந்தால் நீங்களே பிரித்து விதையுங்கள். விதைத்துவிட்டு என் மகள் முகத்திலும் நீங்களே முழியுங்கள்.

கிருமியை நான் இன்னும் நம்பவில்லை. போகிறேன்.