கோழி நிற்கும் உயரத்தில்

என் மூக்கைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்திரண்டு வருஷமாகக் கோழிப்பண்ணை நடத்துகிறேன். தீவனம் புளித்திருந்தால் மூட்டையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் பெற்ற மகளே வந்து, "அப்பா, இங்க மூச்சு விட முடியல" என்றால்?

மூன்று வயதுப் பேத்தியோடு நாலு நாள் தங்க வந்தவள், மறுநாள் மதியமே பெட்டியைக் கட்டிவிட்டாள். குழந்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மகளுக்குப் பக்கத்து ஊர் வங்கிக்கு மாற்றல் ஆகியிருந்தது. எங்களோடு வந்து இருப்பதாகப் பேச்சு. காரில் ஏறும்போது சொன்னாள்:

"அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி நான் வேலையில சேரணும். அதுக்குள்ள கொட்டகையைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா நான் அங்கயே வாடகைக்கு வீடு பார்த்துக்கிறேன்."

என்ன நாற்றம்? தீவன லாரி ஓட்டுநரிடம் கேட்டேன். ஒன்றும் இல்லையே என்றார். கோழி ஏற்ற வருபவரும் அதையேதான் சொன்னார். கொட்டகை ஆட்கள் நாலு பேரும் சத்தியம் செய்யாத குறை. ஆறு சாட்சிகளைச் சொல்லிக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றேன்.

"பொழுதன்னைக்கும் கோழி நடுவுல இருக்கறவங்ககிட்டயே கேட்டுட்டு வந்திருக்கீங்க," என்றாள் அவள்.

மோட்டார் பழுது பார்க்க வந்த அவள் தம்பியைப் பிடித்தேன். குழாய் வேலை செய்பவன். வாய்க்கொழுப்பு சற்று அதிகம்.

"மாப்ளே, உள்ள வந்து மோந்து பாத்துச் சொல்லு."

கர்சீப்பை முகத்தில் கட்டிக்கொண்டுதான் அவன் கொட்டகைக்குள்ளேயே வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நடிக்காதடா."

"ஆறடி உயரத்துல நின்னு மோந்தா என்ன தெரியும் மச்சான்? கோழி நிக்கிற உயரத்துல உக்காருங்க."

வீம்புக்கு உட்கார்ந்தேன். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரே நிமிஷத்தில் கண் எரிந்து நீர் கொட்டியது. பக்கத்தில் நின்ற கோழிக்கும் கண் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அவன் தரையில் பரப்பியிருந்த உமியில் ஒரு பிடி அள்ளி அமுக்கினான். பந்துபோல அப்படியே நின்றது.

"காஞ்சிருந்தா உதிரணும். இது ஈரம். எச்சமும் ஈரமும் சேர்ந்தா அமோனியா வராம அத்தரா வரும்?"

ஈரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அத்தனையும் என் கைவேலை. கோழி தவிக்கக் கூடாது என்று தண்ணீரை வேகமாகத் திறந்து வைத்திருந்தேன். கோழி குடிக்கும் குழாய் முனைகள் பாதி சொட்டிக்கொண்டிருந்தன. குளிரக் கூடாது என்று பக்கத்துப் படுதாக்களை முழுக்க மூடியே வைத்திருந்தேன். உள்ளே கிளம்பிய வாடையை ஒரு விசிறி மட்டும் வெளியே தள்ளியது, அதுவும் எங்கள் வீட்டைப் பார்த்து. எல்லாம் பாசத்தில் செய்தது. எனக்கு மனசே விட்டுப்போனது.

மறுநாளே ஆரம்பித்தோம். மச்சினன் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைத்து, சொட்டும் முனைகளை மாற்றினான். ஈர உமியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட்டு, தினமும் கிளறிவிட்டோம். படுதாவின் மேல்பக்கம் எப்போதும் ஒரு சாண் திறந்தே இருந்தது. விசிறியை எதிர்ப்பக்கம், ஆளில்லாத பொட்டலைப் பார்த்து மாற்றினோம். வீட்டை ஒட்டிக் கிடந்த எருக்குவியல் தொலைவுக்குப் போய்த் தார்ப்பாய்க்குள் அடங்கியது. தீவனத்தில் புரதம் அதிகம், உடம்பில் ஒட்டாததுதான் எச்சத்தில் வந்து நாறுகிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னதையும் முதல்முறையாகக் காதில் போட்டுக்கொண்டேன். வேலியோரம் மரக்கன்றுகள் வைத்தேன். அவை வளர்ந்து காற்றைத் தடுப்பதற்குள் பேத்தி காலேஜ் போய்விடுவாள். இருந்தாலும் வைத்தேன்.

சரியாகிவிட்டதா என்று யார் சொல்வது? என் மூக்கை நானே நம்பவில்லை. மகளுக்குச் சாமான் கட்ட உதவப் பத்து நாள் போயிருந்த மனைவி, மாதக் கடைசியில் மகளோடும் பேத்தியோடும் திரும்பினாள். கேட்டருகே இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மகள் அவள் முகத்தையே பார்த்தாள்.

"வாடை இருக்கு," என்றாள் மனைவி. இன்னொரு தரம் மூச்சை இழுத்தாள். "ஆனா கண்ணு எரியல."

"ஒரு வாரம் இருந்து பாக்கலாம்பா," என்றாள் மகள். வாடகை வீடு ஒன்றையும் பேசி வைத்து, வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டிருந்தாளாம். என் மகள் ஆயிற்றே! அந்த வாரம் முழுக்கப் பேத்தி மதியம் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. இழுப்பு வரவில்லை. ஏழாம் நாள் மகள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு மனைவியிடம் கேட்டேன். "அன்னிக்கு வாசல் கேட் பக்கத்துல ஏன் அவ்வளவு நேரம் நின்ன? நான் பயந்தே போயிட்டேன்."

"வெளியூர் போயிட்டு வந்தா ஒவ்வொரு தடவையும் நிப்பேன்," என்றாள். "உள்ள வர மனசு வராது. கொஞ்சம் அழுதுட்டுத்தான் வருவேன்."

"இருபத்திரண்டு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ரெண்டு நாள்ல எனக்கும் பழகிடும். அப்புறம் எதைன்னு சொல்றது?"

பேத்திக்காக ஒரே மாதத்தில் செய்து முடித்த வேலை, இவளுக்காக இத்தனை வருஷமாகச் செய்யத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன்.