இருநூற்றுப் பதினாலு வரி

"அம்மா, கோவிக்காதேங்கோ." மிதுசா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்பான்ரை வசனமெல்லாம் அழிஞ்சுபோச்சு."

கொறற்றி எட்டிப் பார்த்தாள். கறுத்த திரை முழுக்க வெள்ளைக் கேள்விக்குறிகள்.

"திரையிலைதானே பிள்ளை? உள்ளுக்கை இருக்கும்."

"இல்லையம்மா. இந்தத் திரைக்குத் தமிழ் தெரியாது. தமிழெழுத்து வந்தவுடனை புரோகிராம் நிண்டுபோச்சு. தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடு எண்டு ஒரு வரி சேர்த்தன், ஓடிச்சுது. வந்ததை அதே பேரிலை சேமிச்சுப்போட்டன், பழையது அழிஞ்சுபோச்சு."

"வேறை கொப்பி?"

இருக்காதென்று கேட்கும்போதே அவளுக்குத் தெரியும். அகதி மனுவின் இரண்டு பிரதிகளில் இரண்டு திகதிகள் இருந்து ஸ்டுட்கார்ட்டில் ஆறு வருடம் பட்ட பாட்டுக்குப் பிறகு, அவள் கணவர் வின்சன்ற் எதற்கும் இரண்டாவது பிரதி வைக்க விட்டதில்லை.

நரம்பு நோயில் அவருக்கு முதலில் குரல் போனது. விரல்களும் போகும் என்று டொக்டர் சொன்னதும், குளிர்காலம் முழுக்க ஒற்றை விரலால் இருநூற்றுப் பதினாலு வசனங்களைத் தட்டி வைத்தார். அவர் கண்ணால் காட்டும் வசனத்தைக் கணினி உரக்கச் சொல்லவேண்டும்; அந்தப் புரோகிராமைத்தான் மிதுசா எழுதிக்கொண்டிருந்தாள். இப்போது விரலும் இல்லை, வசனமும் இல்லை. இனி இந்த வீட்டில் அவர் பேச்சென்று யாருடைய பேச்சு கேட்கப்போகிறது?

"கமாவும் இடைவெளியும் மிஞ்சியிருக்கே," என்றாள். "கமாவுக்கு முன்னாலை நிக்கிறது என்ரை பேர்தான். கொண்டு வா கட்டிலடிக்கு."

வின்சன்ற் ஒருதரம் கண் மூடினால் ஓம். இருதரம் மூடினால் இல்லை. கொறற்றி ஒவ்வொரு வரியாய் ஊகித்துக் கேட்டாள்.

"கொறற்றி, தலையணையை உயத்து?"

இருதரம்.

"கொறற்றி, ரீவியை நிப்பாட்டு?"

ஒருதரம். மிதுசா அவசரமாக எழுதினாள்.

"கொறற்றி, தேத்தண்ணி ஆறிப்போச்சு?"

ஒருதரம்.

"இதென்னப்பா, இருநூறும் எனக்கு ஏச்சோ?"

ஒருதரம். மிதுசா சிரித்துவிட்டாள்.

ஒன்பதாவது வரியில் கமாவே இல்லை. திரையின் மூன்று வரிசைக்கு நீண்டு கிடந்தது. தான் கேட்க ஆசைப்படுவதை அவர் சொன்னதாக ஆக்கிவிடுவோமோ என்று கொறற்றி பயந்தாள்.

"மிதுவுக்கோ?"

இருதரம்.

"எனக்கோ?"

ஒருதரம். மூடிய கண் திறக்க நேரமெடுத்தது.

"அம்மா, அப்பா களைச்சுப்போனார். நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்குக் கண்ணும் ஏலாமல் போனால்?"

மிதுசா முதலாவது கேள்விக்குறியில் விரலை வைத்தாள். கொறற்றி கட்டிலில் கையூன்றிக் குனிந்து, அந்த முதலெழுத்தைத் தேடத் தொடங்கினாள்.

"அ."

கண் அசையவில்லை.

"ஆ."